பையைத் திறக்க மாட்டேன்

ஜூன் 3, செவ்வாய்

இன்று ஒரு வண்டியின் பின்சீட்டுக்கு அடியில் மெதுவடை ஒன்று கிடைத்தது. எந்த மாதத்து வடையோ, தட்டினால் சத்தம் வந்தது. அதையும் டிரேயில் வைத்தேன். வண்டிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "ஏம்மணி, இதையுமா எடுத்து வெப்பீங்க? என்ர சம்சாரம் பாத்தா எனக்குத்தான் பூசை விழும்" என்று சிரித்தார்.

சிரிக்கட்டும். எது குப்பை, எது குப்பையில்லை என்று வண்டிக்காரர்தான் சொல்ல வேண்டும், கழுவுகிறவர்கள் சொல்லக் கூடாது. இது எங்கள் வாட்டர் வாஷ் கடையின் சட்டம். வண்டிக்குள் கிடப்பதையெல்லாம், ஹேர்பின் முதல் விபூதிப் பொட்டலம் வரை, நீல டிரேயில் எடுத்து வைத்து, ஆபீஸ் மேசைக்குக் கொண்டுபோய், அவர்கள் கண்முன்னால் காட்டிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்போம். சட்டம் போட்டது முதலாளி சிவானந்தன் அண்ணன். அதைப் பிடிவாதமாகக் காப்பாற்றுவது நான். வண்டியின் உள்பக்கம் முழுக்க என் பொறுப்பு. வெளியே தண்ணீர் அடிப்பது, நுரை போடுவது, துடைப்பது எல்லாம் துலால். அசாம்காரர். கடைக்குப் பின்னால் தகர ஷெட்டில் தங்கியிருக்கிறார். மனைவியும் பிள்ளைகளும் ஊரில்.

"கெமிஸ்ட்ரி படிச்சுட்டு கார் கழுவப் போறியா" என்று அம்மா இன்றும் போனில் கேட்டாள். ஒண்டிப்புதூரைச் சுற்றி எந்த வேலைக்குப் போனாலும் மூன்று வயதுப் பிள்ளையைக் கூட்டி வராதே என்கிறார்கள். சிவானந்தன் அண்ணன் மட்டும்தான், "கூட்டிட்டு வாம்மணி, அது பாட்டுக்கு விளையாடட்டும்" என்றார். எனக்கு வேறு காரணம் எதுவும் தேவையில்லை.

ஆனால் பயம் போகவில்லை. பம்பு, வழுக்கும் தரை, ரிவர்ஸ் எடுக்கும் வண்டி. அதனால் மகள் மிருதுவுக்கு நானே ஒரு வேலை கொடுத்து வைத்திருக்கிறேன். நான் டிரேயை நிரப்பிக் கொடுத்தால் அவள் அதை ஆபீஸ் மேசைவரை தூக்கிக்கொண்டு போக வேண்டும். நாக்கைத் துருத்திக்கொண்டு, கோயிலில் தட்டம் எடுப்பதுபோல் நடக்கிறாள். பம்புப் பக்கமே போவதில்லை. வருகிறவர்களெல்லாம் அவளை 'டிரே பாப்பா' என்கிறார்கள்.

ஜூன் 4, புதன்

தண்ணீர் லாரி வரவில்லை, வேலை இல்லை. மிருதுவுக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டினேன். நகம் வெட்டவிடாமல் ஓடினாள்.

ஜூன் 6, வெள்ளி

பெரிய வண்டி ஒன்று வந்தது. சாந்தாமணி அம்மா வீட்டு வண்டி. அந்த அம்மாவுக்கு இரண்டு மூன்று நூல் மில் இருப்பதாகச் சொல்வார்கள். பேத்திக்குக் குலதெய்வக் கோயிலில் காது குத்திவிட்டு வந்திருக்கிறார்கள். உள்ளே பார்த்தால் கல்யாண மண்டபம் காலியானதுபோல் இருந்தது. நசுங்கிய மாலை, மஞ்சள் அரிசி, ஒற்றைக் குட்டிச் சாக்ஸ், பால்புட்டி மூடி, மொட்டைத் தலைக்குப் பூசிய சந்தனம் சீட்டெல்லாம். குழந்தை வாந்தி வேறு எடுத்திருந்தது. கருமணி கோத்த குட்டி வளையல் ஒன்று சீட் இடுக்கில் சிக்கியிருந்தது. பிசுபிசுப்பாக இருந்தது, கவரிங்காக இருக்கும் என்று நினைத்தேன். துடைத்து டிரேயில் வைத்தேன்.

அண்ணன் பேங்குக்குப் போயிருந்தார். டிரைவருக்கு அவசரம். டிரேயில் இருந்ததைப் பார்க்கக்கூட இல்லை, அப்படியே ஒரு கவரில் கொட்டிக்கொண்டு மேசையிலிருந்த சாவியை எடுத்துப் போய்விட்டார். "பாத்துட்டுப் போங்கண்ணா" என்று நான் அடுத்த வண்டிக்குள்ளிருந்தே கத்தினேன்.

சந்தனக் கறை போக இடுப்பு விட்டுப்போயிற்று.

ஜூன் 7, சனி

காலையிலேயே சாந்தாமணி அம்மா வந்துவிட்டார். டிரைவர் பின்னால் நின்றார். அந்த அம்மா உட்காரவில்லை.

"தாய்மாமன் சீருக்குப் போட்ட வளையல். என்ர மகன் போட்டது. கொழந்த அழுவுதுன்னு வண்டிலதான் கழட்டுனோம். ஒண்ணு வீட்ல இருக்குது, இன்னொண்ணக் காணோம். இங்க வந்துட்டுப் போனதுக்கப்பறம் காணோம்."

"டிரேல ஏதாச்சும் வெச்சயாம்மணி? வளையலு?" என்று சிவானந்தன் அண்ணன் என்னைக் கேட்டார்.

"நான் பாக்கலீங்கண்ணா."

கேட்டவுடன் வாய் அப்படிச் சொல்லிவிட்டது.

"டிரேய யாரு கொண்டாந்தது?"

"நான்தானுங்க."

மிருது என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துலால் பம்பை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, "தப்பா நெனைக்காதம்மணி. பையக் கொஞ்சம் காட்டிரு. அம்மாவுக்கும் மனசு ஆறிரும்" என்றார்.

என் பை ஆணியில் தொங்கியது. அதற்குள் மிருதுவின் யானைப் பையும் இருந்தது.

"காட்டறேங்கண்ணா. மொதல்ல நீங்க மேசை டிராயரத் திறங்க. அப்பறம் டிரைவரண்ணன் பாக்கெட்டு. அப்பறம் அம்மாவோட கைப்பை. வரிசையா வந்தா என்ர பையும் வரும்."

"வாயப் பாரு" என்றார் அந்த அம்மா. "எதுத்தாப்புல நிக்கறது யாருன்னு தெரியுதா?"

"தெரியுதுங்க. நேத்து உங்க வண்டில வாந்தி தொடச்சது நான்தான். டிகிரி முடிச்சிருக்கேன். வேலைக்கு வந்தா வேலைதான் செய்வேன். பையைத் திறக்க மாட்டேன்."

நான் 'டிகிரி' என்று சொன்னதும் அந்த அம்மாவின் பார்வை என்னைவிட்டு நகர்ந்தது. அண்ணன் பார்வையும் நகர்ந்தது. எல்லாரும் துலாலைப் பார்த்தார்கள். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அவராகவே கையைத் துடைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய், தன் தகரப் பெட்டியைத் தூக்கி வந்து, நடுவில் வைத்துத் திறந்தார்.

"பாக்கட்டும்" என்றார்.

டிரைவர் குனிந்து கிளறினார். சட்டைகள், தேங்காயெண்ணெய், பிள்ளைகள் போட்டோ. சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துண்டு ஒன்று ஈரத் தரையில் விழுந்தது. வளையல் இல்லை. கிடைக்காததால் அவர் எடுக்கவில்லை என்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. "வித்திருப்பான்" என்றார் டிரைவர்.

என் பை மூடியபடியே இருந்தது. நான் கேட்டது நியாயம்தான். யாருடைய பையையும் யாரும் திறக்கச் சொல்லக் கூடாது.

சாயங்காலம் கிளம்பும்போது, வாஷ் மேடைக்கும் ஆபீஸுக்கும் நடுவில் இருக்கிற சாக்கடைக் கம்பிக்குள் கைவிட்டுப் பார்த்தேன். மண் அடைத்திருக்கிறதா என்று பார்க்கத்தான்.

மிருதுவின் யானைப் பையை வீட்டுக்கு வந்து திறக்கவில்லை. ஒரு டவுசரும் பிஸ்கட்டும்தான் இருக்கும். அதில் பார்க்க என்ன இருக்கிறது?

ஜூன் 8, ஞாயிறு

பம்ப் கம்பெனியில் இன்று ஷிப்ட் இல்லாததால் என் கணவர் சபரி வீட்டில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்.

"பாப்பா கீது எடுத்திருப்பாளா?"

"உங்களுக்கு வேற நெனப்பே வராதா மாமா? எல்லாரும் என்னப் பாத்தாங்க, இப்ப நீங்க இவளப் பாக்கறீங்க."

"கேட்டதுக்கு எதுக்குடி இந்தக் கத்து?"

"கத்தல."

கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். கோழிக் குழம்பில் உப்பு கூடிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டதுதான் எரிச்சலாக இருந்தது.

ஜூன் 9, திங்கள்

கடைக்குப் போனால் துலால் பெட்டியோடு வாசலில் நின்றார். சம்பளத்தைக் கையில் கொடுத்துக் கிளம்பச் சொல்லியிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் தலையை மட்டும் ஆட்டினார். மிருது, "மாமா டாட்டா" என்றாள். அவளுக்கு மட்டும் கையசைத்தார்.

நேராக ஆபீஸுக்குள் போனேன்.

"அவரு எடுக்கலீங்கண்ணா."

"எனக்கும் அப்படித்தாம்மணி தோணுது. ஆனா அந்தம்மா போலீசுங்குது. கடைக்குப் பேர் கெட்டா அப்பறம் யாரு வண்டி விடுவா? அவன் வெளியூரான், எங்க போனாலும் பொழச்சுக்குவான்."

"எடுக்காதவரை அனுப்பறது ஞாயமில்லீங்க."

"எடுக்கலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியுமுங்க."

"அதான் கேக்கறேன். எப்படி?"

தூசி உறிஞ்சும் வேக்கம் மெஷினை எடுத்துக்கொண்டு ஒரு வண்டிக்குள் போய் உட்கார்ந்தேன். அது போடும் இரைச்சலில் யார் என்ன கேட்டாலும் காதில் விழாது.

அண்ணனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் அடித்தார். பாதி வண்டி நனைந்தது, மீதி அவர்மேல்.

இன்று முதல் டிரேயை நானே கொண்டுபோகிறேன். மிருது அழுதாள். தரை வழுக்குகிறது என்று சொன்னேன்.

ஜூன் 10, செவ்வாய்

மிருதுவின் பொம்மைக் கூடையை ஒதுக்க வேண்டும். நேரமில்லை.

ஜூன் 11, புதன்

நேரம் இருந்தது. ஐந்து நாளாகவே இருந்தது. எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் வந்து அரிசி களைந்துகொண்டிருந்தேன். முன் அறையில் மிருது வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து 'டுர்ர்ர்' என்று வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். வெறுங்கையில் ஓட்டுகிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். இரண்டு விரலால் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தாள். கருமணி கோத்த குட்டி வளையல்.

கை ஈரத்தோடு அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"இது யாருது கண்ணு?"

"காருது."

"உனக்கு யாரு குடுத்தா?"

"கீழ விழுந்துச்சு. கார் போயிருச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கார் வந்தா குடுக்கணும்" என்றாள். "அம்மா, தள்ளு. லாரி வருது."

எனக்கு அழுகை வரவில்லை. அடிக்கவும் தோன்றவில்லை. ஐந்து நாளாக இதைத் தேடாமல் இருப்பதுதான் என் முழுநேர வேலையாக இருந்தது என்று தெரிந்தது. அந்த வளையலை என் கையால் துடைத்தேன். டிரேயில் வைத்தேன். டிரேயை இவள் கையில் கொடுத்தேன். 'பார்க்கவில்லை' என்று நான் சொன்னபோதே எனக்குத் தெரியும். தெரியாது என்று இங்கே எழுதினால் இந்த நோட்டை வைத்திருப்பதில் அர்த்தமே இல்லை.

சபரி வந்ததும் காட்டினேன். கையில் வாங்கவே பயந்தார்.

"நாளைக்குப் போறப்ப நொய்யல் பாலத்துல நின்னு வீசிரு. முடிஞ்சுது."

"துலாலுக்கு முடியலையே மாமா."

"அவன்தான் போயாச்சே. இப்பக் கொண்டு போய்க் குடுத்தா என்ன சொல்லுவாங்க தெரியுமா? கொழந்தைய விட்டுத் திருடறான்னு சொல்லுவாங்க. உன்னச் சொன்னாக்கூடத் தாங்கிக்கலாம். இவ வளர்ந்து ஸ்கூலுக்குப் போறப்பவும் இந்த ஊர்லதான இருப்போம்?"

அதைத்தான் நானும் ஐந்து நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வாயால் கேட்டபோது, அது எவ்வளவு கோழைத்தனமாக இருக்கிறது என்று தெரிந்தது.

"சொல்லட்டும். சொல்றவங்க மூஞ்சியப் பாத்துட்டே நிக்கறேன். மூணு வயசுப் புள்ள ஒரு வளையத்த எடுத்து வண்டி ஓட்டுச்சு. அதுல இவளுக்கு என்ன அசிங்கம்? அசிங்கம் நான் பண்ணுனது. அத நானே சொல்லிட்டு வர்றேன்."

"வேலை போயிரும்."

"போகட்டும்."

போகட்டும் என்று சொல்லிவிட்டேன். பிள்ளையோடு போக வேறு வேலை கிடையாது. இருந்தாலும் போகட்டும்.

ஜூன் 12, வியாழன்

போனதும் வளையலை அண்ணன் மேசையில் வைத்தேன். முழுக்கச் சொன்னேன். அவர் வளையலைப் பார்த்தார், மிருதுவைப் பார்த்தார், எழுந்துபோய் ஆபீஸ் கதவைச் சாத்தினார்.

"நல்ல வேளை. இங்க பாரும்மணி, சீட்டு நகர்ற ரெயிலுக்குள்ள சிக்கியிருந்துச்சுன்னு நான் சொல்லிக்கறேன். அந்த வண்டியத் திரும்பக் கொண்டாரச் சொல்லி, நாமளே தேடி எடுத்த மாதிரி எடுத்துக் குடுத்தர்லாம். கடைக்கும் நல்ல பேரு, உனக்கும் பிரச்சன இல்ல."

ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. வண்டி வரும், நான் குனிந்து எடுப்பேன், அந்த அம்மா கையெடுத்துக் கும்பிடக்கூடச் செய்யலாம்.

"அப்ப டிரேன்னு ஒண்ணு எதுக்குங்கண்ணா வெச்சிருக்கோம்? போன் பண்ணுங்க. நான் பேசிக்கறேன்."

சாந்தாமணி அம்மா அரை மணியில் வந்தார். வளையலைக் கையில் வாங்கி, முந்தானையால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு மிருதுவைப் பார்த்தார்.

"கொழந்த எடுத்துச்சா? எடுக்க வெச்சயா?"

இந்தக் கேள்விக்காகத்தான் இரவு முழுக்கத் தயாராக இருந்தேன். இருந்தும் காது சூடாகிவிட்டது.

"எடுக்க வெச்சிருந்தா இன்னிக்கு இங்க நிக்க மாட்டேனுங்க. அன்னிக்குப் பாக்கலைன்னு சொன்னது பொய். பாத்தேன். தொடச்சு டிரேல வெச்சேன். டிரேயத் தூக்கிட்டு வந்தது இவ. வழியில விழுந்தத எடுத்து வெச்சுக்கிட்டா. டிரே தூக்கற வேலைய இவளுக்குக் குடுத்தது என்ர தப்பு. பயந்துட்டு மறைச்சதும் என்ர தப்பு. அதுக்கு எவ்வளவு வேணும்னாலும் என்னத் திட்டுங்க, வாங்கிக்கறேன். இவள ஒரு வார்த்த சொன்னீங்கன்னா வாங்கிக்க மாட்டேன்."

"தப்புப் பண்ணிட்டுச் சட்டமும் பேசறா பாரு சிவானந்தா."

"இன்னும் ஒண்ணு இருக்குதுங்க. துலாலோட பெட்டியக் கொட்டுனீங்களே. அதுக்கு யாரு திட்டு வாங்கறது?"

அண்ணன் ஜன்னலைப் பார்த்தார். டிரைவர் கீழே பார்த்தார். சாந்தாமணி அம்மா வளையலைப் பர்ஸில் வைத்து மூடி, "வண்டிய எடப்பா" என்றார். என்னைத் திட்டவேயில்லை. திட்டியிருந்தால் ஒரு கணக்கு முடிந்ததுபோல் இருந்திருக்கும்.

அவர்கள் போனபின் அண்ணன் காலி டிரேயைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "நாளையிலிருந்து பாப்பாவக் கூட்டிட்டு வர வேண்டாம்மணி" என்றார்.

"அப்ப நானும் வரலீங்கண்ணா."

பையை ஆணியிலிருந்து எடுத்தேன். மிருதுவுக்குச் செருப்பு மாட்டினேன். வாசல்வரை போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இரும்மணி. தண்ணி அடிக்கறவனும் இல்ல, நீயும் போயிட்டா நான் ஷட்டரத்தான் தொடச்சுட்டு உக்காரோணும். டிரேயத் தொடாம இருந்தாச் சரி."

"அத நான் திங்கக்கெழமையே நிறுத்திட்டேனுங்க."

"துலாலத் திரும்ப வரச் சொல்லலாம்னு போன் போட்டேன், எடுக்க மாட்டேங்கறான்."

"போன்ல எதுக்குங்க, நேர்ல போங்க" என்றேன். அவர் போக மாட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது.

ஜூன் 13, வெள்ளி

நான் போனேன். மிருதுவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

டீக்கடைக்காரர் சொன்னபடியே நீலம்பூர் பைபாஸ் ஓரத்தில் லாரி கழுவும் இடத்தில் துலால் இருந்தார். முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, உடம்பெல்லாம் கிரீஸ். நான் பேசி முடிக்கும்வரை குழாயை மூடிவிட்டு நின்று கேட்டார். வளையல், மிருது, நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் திரும்ப வரச் சொன்னதையும் சொன்னேன். மன்னிச்சுருங்க என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் மிருதுவையே பார்த்தார்.

"பாப்பாவுக்குத் தெரியாது. சின்னது" என்றார். "அக்கா, நீ பை குடுக்கல. நான் பெட்டி குடுத்தேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நீ குடுக்கலைன்னா விட்டுட்டாங்க. நான் குடுத்தேன், அப்பறமும் போகச் சொன்னாங்க. நான் குடுக்கலைன்னா என்ன ஆகும்? நீ சொல்லு. படிச்சிருக்கே."

மிருதுவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணா வரச் சொல்றாருங்க" என்று மறுபடியும் சொன்னேன். அதைத் தவிர என்னிடம் எதுவும் இல்லை.

"இங்க பெட்டி யாரும் கேக்கல" என்றார். குழாயைத் திறந்து, மிருது சிரிப்பதற்காக அவள் காலருகே கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். அவள் குதித்தாள். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லாரியைக் கழுவத் தொடங்கினார்.

அவருக்கு என்மேல் கோபம் இருக்கிறது. இருக்கட்டும். அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

பையைத் திறக்க மாட்டேன் என்று சொன்னது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். அதை எனக்கு மட்டும் சொல்லிக்கொண்டதுதான் தப்பு. அவர் பெட்டியைத் தூக்கி வந்தபோதே, 'அதையும் திறக்க வேண்டாம்' என்று சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 16, திங்கள்

புதிதாக ஒருவரை அண்ணன் தண்ணீர் அடிக்க வைத்திருக்கிறார். ஷெட்டில் தங்க வந்தவரிடம், "பொட்டியெல்லாம் எதுக்கும் ஒருக்காப் பாத்துக்கறேன்" என்று ஆரம்பித்தார். நான் வேக்கத்தை நிறுத்திவிட்டு வண்டியைவிட்டு இறங்கினேன். போய்ப் பக்கத்தில் நின்றேன். "சரி சரி, போய்ப் படுத்துக்கப்பா" என்று அண்ணன் அவரை அனுப்பிவிட்டார்.

மிருதுவுக்கு இருமல்.

ஜூன் 21, சனி

சாந்தாமணி அம்மாவின் வண்டி மறுபடியும் வந்தது. இனி வராது என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் வேறு நல்ல கடை இல்லை, அதுதான் காரணம். இம்முறை அந்த அம்மாவும் கூடவே வந்தார். அண்ணன் நாற்காலி போட்டார், உட்காரவில்லை. நான் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறியதும், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவருகிலேயே வந்து நின்றுவிட்டார்.

முதலில் முகம் சுட்டது. என் கை போகும் இடமெல்லாம் அவர் கண் வந்தது. சீப்பை எடுத்தால் சீப்பு, கர்ச்சீப்பை எடுத்தால் கர்ச்சீப். மிருது ஆபீஸ் படியில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள். அவளையும் அவ்வப்போது பார்த்துக்கொண்டார்.

எவ்வளவு நேரம்தான் முதுகை இறுக்கிக்கொண்டு வேலை செய்வது? டிரேயை எடுத்து அவர் நிற்கிற பக்கத்துச் சீட்டில் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து, அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டி, பெயர் சொல்லி வைத்தேன். "சீப்பு. மாத்திரை அட்டை. ஒரு பேனா. மூடி இல்ல."

சீட்டுக்கு அடியில் குனிந்தால் இருட்டாக இருந்தது. என் போனில் டார்ச்சைப் போட்டு அவரிடம் நீட்டினேன்.

"நின்னு பாக்கறதுன்னு ஆயிருச்சு, இதப் புடிங்கம்மா. அடியில ஒண்ணும் தெரியல."

அண்ணன் ஆபீஸ் வாசலில் மூச்சை நிறுத்தியது எனக்குக் கேட்டது. அந்த அம்மா போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வாங்கிப் பிடித்தார். நான் தரையோடு தரையாகப் படுத்து ரெயிலுக்குள் விரலை விட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து குரல் வந்தது. "முன்ன மாதிரி இல்ல. கண்ணாடியெல்லாம் கோடு கோடாத் தெரியுது. யாரு தொடச்சது?"

"புது ஆளுங்க."

"முன்ன இருந்தவன்?"

"நாம அனுப்பிட்டமுங்க. நீங்களும் நானும்."

வெளிச்சம் சீட்டுக்கு அடியில் இப்படியும் அப்படியுமாகப் போயிற்று.

"லைட்ட ஆட்டாமப் புடிங்கம்மா" என்றேன்.